இதய நோய் மாத்திரைகள்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை கோரிப்பாளையம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். பெரியாஸ்பத்திரியிலிருந்தும் தனியார் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் டிஸ்சார்ஜ் ஆகி, கையில் சீட்டோடும் முகத்தில் குழப்பத்தோடும் வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை எங்களிடம் கேட்பார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பது உங்கள் டாக்டர் முடிவு செய்வது. எது எதற்காக என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை, அதற்குத்தான் இது.

"தம்பி, சீட்டுல 1-0-1, 0-0-1ன்னு போட்டிருக்கே, அது என்னது?"

காலை, மதியம், இரவு, அந்த வரிசைதான். 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் கிடையாது, இரவு ஒன்று. 0-0-1 என்றால் இரவு மட்டும். எஸ்.ஓ.எஸ் என்று போட்டிருந்தால் தேவைப்பட்டால் மட்டும் என்று அர்த்தம். நெஞ்சு வலிக்கு நாக்கு அடியில் வைக்கிற மாத்திரைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இதுதான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு தினமும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் "காலை, சாப்பாட்டுக்குப் பின்" என்று பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் வீட்டில் இருந்தால் சூரியன், நிலா வரைந்து தரச் சொல்லுங்கள். கூட்டமாக இருந்தாலும் கேளுங்கள், எழுதித் தருவது எங்கள் வேலைதான்.

"ஒரே ஒரு அட்டாக்குக்கு எதுக்குய்யா இத்தனை மாத்திரை? ரெண்டு மூணைக் குறைக்கக் கூடாதா?"

ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை செய்கிறது. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெல்லும் இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுக்கின்றன. 'ரத்தம் மெலியிற மாத்திரை' என்று நாம் சொல்வது இவற்றைத்தான், உண்மையில் ரத்தம் தண்ணீராகிவிடுவதில்லை, உறைவதுதான் குறைகிறது. அட்டோர்வாஸ்டாடின் அல்லது ரோசுவாஸ்டாடின் கொழுப்பு மாத்திரை. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் இரண்டும் துடிப்பை நிதானமாக்கி இதயத்தின் வேலைப்பளுவைக் குறைப்பவை. ராமிப்ரில், டெல்மிசார்டான் மாதிரி மாத்திரைகள் பிரஷரைக் குறைப்பதோடு, அட்டாக்கில் அடிபட்ட இதயத் தசை தொங்கிப்போகாமல் பார்த்துக்கொள்கின்றன.

கூடவே வயிற்றுக்கு பான்டோப்ரசோல் இருக்கும். அதைச் சும்மா கொடுத்தது என்று நினைக்காதீர்கள், ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெல்லும் சேரும்போது வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிய வாய்ப்பு கூடும், அதைத் தடுக்கத்தான். இதற்குப் பதிலாகக் கடையில் ஒமிப்ரசோல் வாங்கிப் போடவும் வேண்டாம், அது க்ளோபிடோக்ரெல்லின் வேலையைக் குறைத்துவிடும்.

"ஸ்டென்ட் வச்சு அடைப்பை எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?"

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைக்கிற சிறிய உலோக வலை. உடம்புக்கு அது அந்நியப் பொருள். குழாயின் உள்தோல் வளர்ந்து அந்த வலையை முழுக்க மூடும்வரை ரத்தம் அதன்மேல் கட்டியாகப் பார்க்கும். அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருடம்வரை ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் தருவது இதனால்தான். அந்த இன்னொன்று க்ளோபிடோக்ரெல்லாக இருக்கலாம், டிகாக்ரெலாராகவோ பிரசுக்ரெல்லாகவோ இருக்கலாம். சிலருக்கு டாக்டர் சீக்கிரம் நிறுத்துவார், சிலருக்கு நீட்டிப்பார். அதன் பிறகும் ஏதாவது ஒன்று, பெரும்பாலும் ஆஸ்பிரின், ஆயுசுக்கும் தொடரும்.

முதல் சில மாதங்களில் இரண்டையும் நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம், அப்படி அடைத்தால் அது முழு அட்டாக், உயிர் போகிற ஆபத்து. அறுவடை வந்தது, மகள் கல்யாணம் வந்தது, காசு தீர்ந்தது என்று பத்து நாள் விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. காசுதான் பிரச்சினை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது, கீழே விலை பற்றிய கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

டிகாக்ரெலார் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. அது ஒரு நாளைக்கு இரண்டு வேளை மாத்திரை, இரவு வேளையை விடக் கூடாது. சிலருக்கு அதனால் லேசாக மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். பயந்து நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் அவர் மாற்றித் தருவார்.

"பி.பி. பார்த்தேன், 120/80 வந்துருச்சு. மாத்திரையை விட்ரலாமா?"

வேண்டாம். அந்த அளவு வந்ததே மாத்திரையால்தான். அதிலும் மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் வகையைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும், நெஞ்சு வலி திரும்பும், அட்டாக்கே வரலாம். குறைக்க வேண்டுமென்றால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். எழுந்து நிற்கும்போது கிறுகிறுவென்று வருகிறதா, பி.பி.யின் மேல் எண் 100-க்குக் கீழே இறங்குகிறதா, அதைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

"காலை மாத்திரையை மறந்துட்டேன், ராத்திரி ரெண்டாப் போட்டுக்கவா?"

இரண்டாகப் போடவே கூடாது. ஞாபகம் வந்த உடனே போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் போடுங்கள். அடிக்கடி மறந்தால் கிழமை போட்ட மாத்திரை டப்பா வாங்குங்கள். 'போட்டோமா இல்லையா' என்ற சந்தேகமே வராது, டப்பாவைத் திறந்தால் தெரிந்துவிடும்.

"பெரியாஸ்பத்திரி மாத்திரையும் வச்சிருக்கேன், பிரைவேட் டாக்டர் எழுதுனதும் வச்சிருக்கேன், ரெண்டையும் சாப்பிடலாமா?"

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டி மஞ்சப்பையை கவுண்டரில் கவிழ்த்தார். அரசு மாத்திரை அட்டைகள், தனியாரில் எழுதியது, வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனது, எல்லாம் கலந்து கிடந்தன. பிரித்துப் பார்த்தால் எகோஸ்பிரின் ஏ.வி. என்று ஒரு கேப்ஸ்யூல். அதற்குள்ளேயே ஆஸ்பிரினும் இருக்கிறது, அட்டோர்வாஸ்டாடினும் இருக்கிறது. அதோடு தனி ஆஸ்பிரின் ஒரு அட்டை, தனி அட்டோர்வாஸ்டாடின் ஒரு அட்டை. மூன்றையும் ஒழுங்காகத் தினமும் போட்டு வந்திருக்கிறார், பல் விளக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வருகிறது என்று தனியாக வேறு சொன்னார். அவர்மேல் என்ன தப்பு? கொடுத்ததையெல்லாம் நம்பிச் சாப்பிட்டிருக்கிறார்.

பெட்டியில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர், பார்க்க வேண்டியது அதைத்தான். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன, ரொம்ப நல்ல விஷயம். ஆனால் வருகிறவரிடம் உங்கள் டாக்டர் சீட்டைக் காட்டி, ஏற்கெனவே போடுவது இதில் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டிலிருக்கும் மொத்த மாத்திரையையும் பையோடு எடுத்துப் போங்கள்.

"விலை கம்மியான மாத்திரை வேலை செய்யுமா?"

செய்யும். பெயரும் பெட்டியும்தான் வேறு, உள்ளே இருக்கும் மருந்து அதே. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் இதய மாத்திரைகள் பல குறைந்த விலையில் கிடைக்கின்றன, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மாற்றும்போது இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் எக்ஸ்.எல்., எஸ்.ஆர். மாதிரி எழுத்து இருந்தால் அது மெதுவாகக் கரைகிற வகை, அதற்குப் பதில் சாதாரண மாத்திரையை வாங்கக் கூடாது.

"கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட்ல இருக்கு. அப்பறம் எதுக்கு கொழுப்பு மாத்திரை? கிட்னி போயிரும்னு வாட்ஸ்ஆப்ல வருதே?"

ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று போட்டிருப்பது அட்டாக் வராதவர்களுக்கான அளவு. ஒரு தடவை அட்டாக் வந்தவருக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே இருக்க வேண்டும். அதோடு இந்த மாத்திரை ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடிக்காமல் இறுக்கி வைக்கிறது. அட்டாக் வருவது பெரும்பாலும் அந்தத் திட்டு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைவதால்தான்.

கிட்னி போய்விடும் என்பது வதந்தி. சிலருக்குத் தசை வலி வரும். கை கால் ரொம்ப வலித்து, சிறுநீர் காப்பித் தண்ணி நிறத்தில் போனால் உடனே டாக்டரைப் பாருங்கள், அது அபூர்வம் என்றாலும் விடக் கூடாதது. அட்டோர்வாஸ்டாடினை ராத்திரிதான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறக்காமல் போட எந்த வேளை வசதியோ அதை டாக்டரிடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

"எனக்குச் சுகரே கிடையாது. ஏன் சுகர் மாத்திரை குடுத்திருக்காங்க?"

டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசினாக இருக்கும். சுகருக்காக வந்த மருந்துதான், ஆனால் சுகர் இல்லாதவர்களுக்கும் பலவீனமான இதயத்தை இது காக்கிறது என்று 2019-க்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. டாக்டர் தவறி எழுதவில்லை. சிறுநீரில் சர்க்கரை வெளியேறும் என்பதால் அந்த இடத்தில் அரிப்பு, புண் வரலாம், சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

"நாக்கு அடியில வைக்கிற மாத்திரையை எப்ப வைக்கணும்?"

நெஞ்சில் பாரம், இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, அப்போதுதான். முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுந்துவிடுவீர்கள். ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுங்கள், விழுங்கக் கூடாது. தலை விண்விண்ணென்று வலிக்கும், அது மருந்து வேலை செய்வதால் வருவது. 5 நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுத் தொல்லையாக இருக்கும் என்று சோடா வாங்கிக் குடித்து நேரத்தைக் கடத்தியவர்கள் நிறைய.

ஏற்கெனவே கிறுகிறுப்பும் குளிர்ந்த வியர்வையும் இருந்து பிரஷர் குறைவாகத் தெரிந்தால் இதை வைக்காமல் நேராக 108. இந்த மாத்திரை பீரோவில் இருந்து பிரயோஜனம் இல்லை, சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ கூடவே இருக்க வேண்டும். வயலுக்குப் போகும்போதும். காலாவதித் தேதியை அவ்வப்போது பாருங்கள்.

"எங்க ஊர்ல இருந்து மதுரை வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் என்ன செய்யிறது?"

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் தவணையாக, மொத்தம் 14 மாத்திரை, கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மேலே சொன்ன அதே மருந்துகள்தான், அளவு மட்டும் அதிகம். பைக்கில் உட்கார வைத்து மதுரை வரைக்கும் ஓட்டி வராதீர்கள்.

"பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து வறட்டு இருமல் நிக்கவே மாட்டேங்குது."

ராமிப்ரில் அல்லது எனலாப்ரில் போடுகிறீர்களா என்று பாருங்கள். அந்த வகைக்கு இது தெரிந்த பக்கவிளைவு, சிரப் வாங்கிக் குடித்தால் போகாது. டாக்டரிடம் சொன்னால் டெல்மிசார்டான் மாதிரி ஒன்றுக்கு மாற்றுவார், இருமல் சில வாரங்களில் நின்றுவிடும். உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

"நீர் மாத்திரை போட்டா பஸ்ல போக முடியல. போகணும்னா விட்டுறவா?"

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் நடுவில் எங்கே இறங்குவது என்ற பயம் நியாயமானது. மாத்திரையை விட வேண்டாம், நேரத்தை மாற்றலாம். லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரை, போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்து ஆறு மணி நேரம்போல இருக்கும். காலைப் பயணம் என்றால் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போடுங்கள் அல்லது விடியும் முன்னே எழுந்து போட்டுவிடுங்கள். சாயங்காலம் 4 மணிக்கு மேல் போட்டால் ராத்திரித் தூக்கம் போச்சு.

இதயம் பலவீனமானவர்கள் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை போட்டதல்ல, நீர் சேர்கிறது. கால் வீங்கும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம், உப்புக்கண்டம் இதெல்லாம் நீர் மாத்திரை செய்கிற வேலையைக் கெடுத்துவிடும்.

சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். வழி நெடுக நீர்மோர், பானகம் கொடுப்பார்கள், எல்லாப் பந்தலிலும் ஒரு டம்ளர் வாங்கினால் டாக்டர் சொன்ன தண்ணீர் அளவு மதியத்துக்குள்ளேயே தாண்டிவிடும். அதே நேரம் அந்த வெயிலில் வேர்த்துக் கொட்டி உடம்பு வற்றவும் செய்யும். போவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

"இளநீர் உடம்புக்கு நல்லதுதானே?"

எல்லோருக்கும் அல்ல. இளநீரில் பொட்டாசியம் அதிகம். ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு வகை நீர் மாத்திரை எல்லாம் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைப்பவை. கிட்னியும் கொஞ்சம் மந்தமாக இருந்துவிட்டால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகும். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியாக இருக்கிறவர் எப்போதாவது ஒன்று குடிக்கலாம். 'சோடியம் கம்மி உப்பு' என்று விற்பதில் இருப்பதும் பொட்டாசியம்தான், கேட்காமல் வாங்க வேண்டாம்.

"வால்வு மாத்திவிட்டு அசிட்ரோம் போடுறேன். முருங்கைக்கீரையைத் தொடவே கூடாதா?"

தொடலாம். அசிட்ரோம் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அதற்கு எதிராக வேலை செய்யும், அது உண்மை. ஆனால் டாக்டர் உங்கள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்து அளவு வைக்கும்போது நீங்கள் எவ்வளவு கீரை சாப்பிடுகிறீர்களோ அதையும் சேர்த்துத்தான் அளவு நிற்கிறது. வாரம் ஒரு நாள் என்றால் எல்லா வாரமும் ஒரு நாள். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் தினமும் பொரியல் வைப்பதுதான் ஆபத்து. உலோக வால்வு வைத்தவர் இதை நிறுத்தினால் வால்விலேயே ரத்தம் கட்டும், பக்கவாதம் வரலாம்.

தினமும் ஒரே நேரத்தில், சாயங்காலம் போடுங்கள். ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எந்தப் புது மாத்திரைக்கும் முன்னால் அசிட்ரோம் போடுவதைச் சொல்லுங்கள், வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல்கூட இதன் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவை வரவழைக்கும். இடுப்பில் ஊசி போட வந்தாலும் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போவது, சிறுநீரில் ரத்தம், தலையில் அடி, இவற்றுக்கு ஆஸ்பத்திரிதான்.

"பல்லு பிடுங்கணும், ரத்தம் மெலியிற மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தணும்?"

நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. பல் டாக்டரிடம் ஸ்டென்ட் அல்லது வால்வு இருப்பதைச் சொல்லுங்கள், அவர் இதய டாக்டரோடு பேசி முடிவெடுக்கட்டும். சாதாரணமாகப் பல் எடுக்க இவற்றை நிறுத்தத் தேவையே இருக்காது, ரத்தத்தை அந்த இடத்திலேயே நிறுத்த அவர்களிடம் வழி உண்டு. செயற்கை வால்வு இருந்தால் பல் எடுக்கும் முன் ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படும், அதனாலும் சொல்ல வேண்டும்.

"முட்டி வலிக்கு ஒரு நல்ல மாத்திரையா குடுங்க தம்பி."

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் இதய நோயாளிக்கு ஆகாது. பிரஷரை ஏற்றும், உடம்பில் நீரைத் தேக்கும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால் அளவோடு போடலாம், முட்டிக்கு மேலே தடவும் மருந்து இன்னும் நல்லது. கடைக்காரர் கேட்காவிட்டாலும் "நான் இதய மாத்திரை போடுகிறவன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சளி மாத்திரை வாங்கும்போதும் அப்படியே, மூக்கடைப்புக்கானவற்றில் சில பிரஷரை ஏற்றும்.

"மருதம்பட்டைப் பொடி சாப்பிட்டா இந்த இங்கிலீஷ் மாத்திரை எல்லாம் வேண்டாம்னு சொல்றாங்களே?"

மருதம்பட்டை நம் சித்த மருத்துவத்தில் ரொம்பக் காலமாக இருப்பது, அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஸ்டென்ட்டில் ரத்தம் கட்டாமல் தடுக்க அது போதும் என்று யாரும் நிரூபித்ததில்லை. மாத்திரையை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பாதீர்கள். சேர்த்துச் சாப்பிட ஆசை என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், முக்கியமாக அசிட்ரோம் போடுகிறவர்கள்.

"நோன்பு நேரத்துல எப்படிப் போடுறது?"

ஒரு வேளை, இரு வேளை மாத்திரைகளை சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் டாக்டர் மாற்றித் தருவார், ரமலான் தொடங்கும் முன்பே போய்ப் பாருங்கள். சமீபத்தில் அட்டாக் வந்தவர்களுக்கும் நீர் மாத்திரை அதிகம் போடுகிறவர்களுக்கும் நோன்பு சரிவராது, நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு. புரட்டாசி சனி, சஷ்டி விரதம் இருக்கிறவர்கள் தண்ணீரும் மாத்திரையும் தாராளமாக எடுங்கள். ஆனால் சுகர் மாத்திரையைச் சாப்பிடாமல் போடக் கூடாது.

"அண்ணே... அந்த மாத்திரை ஒண்ணு வேணும், இதய மாத்திரை போடுறவங்க போடலாமா?"

கூட்டம் குறைந்த பிறகு மெதுவாகக் கேட்கிற கேள்வி. நல்லவேளை கேட்டீர்கள் என்றுதான் சொல்வேன். நாக்கு அடியில் வைக்கிற மாத்திரையோ, அதே நைட்ரேட் வகையில் தினமும் விழுங்கும் மாத்திரையோ உங்கள் சீட்டில் இருந்தால், ஆண்மைக் குறைவுக்குப் போடும் சில்டனாஃபில், டடாலாஃபில் இரண்டுமே கூடாது, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். எப்போதாவது சில்டனாஃபில் போட்டிருந்தால் 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் வைக்கக் கூடாது, 108-ல் வருகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நைட்ரேட் இல்லாதவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

"மகளுக்கு வால்வு ஆபரேஷன் ஆயிருக்கு, இப்ப கல்யாணம் பேசியிருக்கோம். குழந்தை உண்டானா மாத்திரை ஒண்ணும் செய்யாதே?"

செய்யும். அசிட்ரோம், ராமிப்ரில், டெல்மிசார்டான் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை, கொழுப்பு மாத்திரையையும் பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நாள் தள்ளிப்போனதும் பயந்து அசிட்ரோமை நிறுத்தினால் தாயின் உயிருக்கு ஆபத்து. அதனால் கருத்தரிப்பதற்கு முன்னாலேயே இதய டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் பார்த்துவிட வேண்டும். ஊசிக்கு மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்று அவர்கள் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் மறைத்து, அந்தப் பெண் மாத்திரையையும் மறைத்து மறைத்துப் போட வேண்டிய நிலைமைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

"வாந்தி பேதியா இருக்கு, எதுவும் நிக்கல. அன்னைக்கும் எல்லா மாத்திரையும் போடணுமா?"

நிறுத்தாதே, நிறுத்தாதே என்று இவ்வளவு நேரம் சொன்ன நான் இங்கே மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். உடம்பு வற்றிய அன்று நீர் மாத்திரை, ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவை கிட்னியைப் பாதிக்கலாம், பிரஷரை ரொம்ப இறக்கிவிடலாம். அன்றே டாக்டருக்கு போன் செய்து எதை எத்தனை நாள் தள்ளிவைப்பது என்று கேளுங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இந்தப் பட்டியலில் இல்லை, அவற்றைத் தொடருங்கள். மாத்திரை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்து மாத்திரை முழுசாக வெளியே வந்தால் அதையும் சொல்லுங்கள். சரியாகிச் சாப்பாடு இறங்கத் தொடங்கியதும் நிறுத்தியதைத் திரும்ப ஆரம்பிக்க மறந்துவிடுகிறார்கள், அதனால் போனிலேயே "எப்போது திரும்ப ஆரம்பிப்பது?" என்று கேட்டுக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வையுங்கள்.